நாயோடு நிலாவெளியில் மூன்று நாள்: வாசகர் கேள்வி – பதில்

போயாவோடு சனி, ஞாயிறு சேர்ந்து வருகிற நீண்ட வார இறுதிக்கு, படுக்கை பொருத்திய வானில் திருகோணமலைக்குப் போகிறோம், நாயையும் கூட்டிப் போகலாமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. வாகனம், மின்சாரம் பற்றிய கேள்விகளுக்கு எமது வாகனப் பகுதியினரும், நாயின் உடல்நலம் பற்றியவற்றுக்குச் செல்லப்பிராணிப் பகுதியினரும் பதில் எழுதியுள்ளனர்.

கேள்வி: பழைய வானின் பின் ஆசனங்களைக் கழற்றி, கட்டில், காஸ் அடுப்பு, 100 அம்பியர்-மணி பற்றரி எல்லாம் பொருத்தியிருக்கிறோம். 22 கிலோ லாப்ரடோர் கலப்பு நாயும் வரும். நிலாவெளியில் எங்கே நிறுத்துவது? இடம் பிடிக்கும்போது என்ன விசாரிக்க வேண்டும்?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: வளவுள்ள விருந்தினர் விடுதி ஒன்றில் பேசி நிறுத்துவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி. உப்புவெளி தொடங்கி நிலாவெளி வரை, புல்மோட்டை வீதிக்கும் கடலுக்கும் இடையில் அப்படிப்பட்ட விடுதிகள் நிறைய இருக்கின்றன. கடற்கரை மணலில் வானை இறக்கித் தங்க நினைக்காதீர்கள். அங்கே நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது, கரைவலை இழுப்பவர்களின் வேலைக்கும் இடைஞ்சல்.

தொலைபேசியில் "நாய் கொண்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டால் "ஓம், வாங்கோ" என்பார்கள். போய் இறங்கிய பிறகுதான் வளவுக்குள் அவர்களுடைய நாய் இரண்டு நிற்பது தெரியவரும். ஆகவே ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வளவில் நாய், பூனை, கோழி உண்டா? வேலியின் அடி தரையைத் தொடுகிறதா, நாய் நுழையும் இடைவெளி இருக்கிறதா? வானுக்குப் பக்கத்தில் 13 அம்பியர் பிளக் உண்டா? இரவில் கழிவறை திறந்திருக்குமா? கிணற்றுத் தண்ணீர் உவரா, நல்ல தண்ணீரா? வாசலில் வளைவோ கம்பியோ குறுக்கே போனால் அதன் உயரம் என்ன? உயரக் கூரை வான் 2.3 மீற்றருக்குக் கிட்ட வரும். அதற்கு மேல் பெட்டி பூட்டியிருந்தால் வாசலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நிழல். பிற்பகல் இரண்டு மணிக்கு எந்த இடத்தில் நிழல் விழும் என்று கேளுங்கள். காலையில் குளிர்ச்சியாகத் தெரிகிற இடம் மத்தியானத்துக்குப் பிறகு நெருப்பாகிவிடும். வேம்பு, புளி, முதிரை நிழல் நல்லது. தென்னைக்குக் கீழே வேண்டாம், தேங்காயும் விழும், காய்ந்த மட்டையும் விழும். ஆடி, ஆவணியில் பனைக்குக் கீழும் நிறுத்தக் கூடாது, அது பனம்பழம் விழுகிற காலம்.

வான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. எமது நாட்டு வான்களில் பக்கக் கதவு இடப்புறம். வானின் மூக்கைத் தெற்கு நோக்கி நிறுத்தினால் அந்தக் கதவு கிழக்கே, கடல் பக்கமாகத் திறக்கும். பகல் பன்னிரண்டுக்குப் பிறகு வானின் நிழல் கதவுப் பக்கமே விழும். அந்தப் பக்கம் படங்கு கட்டினால் நாய் படுக்க இடம் கிடைக்கும். வைகாசி முதல் ஆவணி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிற கச்சான் சூடும் வறட்சியுமான காற்று. அதை மூடிய பக்கம் தாங்கிக்கொள்ளும், படங்கும் கிழியாது. காலையில் மட்டும் வெயில் நேரே உள்ளே அடிக்கும். பதினொரு மணிவரை கதவுக்கு ஒரு தடித்த சேலையோ போர்வையோ தொங்கவிட்டால் போதும். இதையே மாற்றி, வடக்கே பார்த்து நிறுத்தினால், மாலைவரை வெயிலும் சுடு காற்றும் நாயின் படுக்கையில்தான்.

குடிதண்ணீர் நாய்க்கும் வீட்டிலிருந்தே போகட்டும். சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லிலீற்றர் வேண்டும். உங்கள் நாய்க்கு அது ஏறத்தாழ ஒன்றேகால் லீற்றர். அந்த வெக்கையில் இரண்டு, இரண்டரை லீற்றர் குடிக்கும். மூன்று நாளுக்கு 5 லீற்றர் போத்தல் இரண்டு தனியே எடுங்கள். கடற்கரையோரக் கிணறுகள் சில உவர். அந்தத் தண்ணீரில் நாயைக் கழுவலாம், குடிக்கக் கொடுத்தால் வயிற்றால் போகும்.

கேள்வி: இங்கே ஒன்ராறியோவில் முகாம்களில் 30 அம்பியர் கம்பத்தில் வயரைச் செருகிவிட்டு மறந்துவிடுவோம். ஊருக்கு வந்து வாடகை வான் எடுத்து, சின்ன ஏசி, மின் அடுப்பு, நாய்க்குக் குளிர்மெத்தை எல்லாம் கொண்டுபோனால் வேலை செய்யுமா?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: கனடாவில் வாங்கிய ஏசியையும் அடுப்பையும் கொண்டுவர வேண்டாம். உங்களுக்கு 120 வோல்ட், இலங்கையில் 230 வோல்ட். நேரே செருகினால் அந்தக் கணமே கருகும். 1000 வாட்டுக்கு ஈடுகொடுக்கிற மின்மாற்றியைத் தூக்கிக்கொண்டு வருவதைவிட இங்கேயே ஒன்றை வாடகைக்கு எடுப்பது மலிவு. தொலைபேசி, மடிக்கணினி மின்னேற்றிகளில் 100–240 என்று அச்சடித்திருந்தால் அவற்றுக்குப் பிரச்சினை இல்லை. உள்ளே ஜெல் நிரப்பிய குளிர்மெத்தைக்கு மின்சாரமே தேவையில்லை, அதைக் கொண்டுவரலாம். கடித்துக் கிழிக்கிற நாயாக இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

சுமைக் கணக்கைப் பாருங்கள். உங்கள் 30 அம்பியர் கம்பம் தருவது 3600 வாட். இங்கே சதுர முள் 13 அம்பியர் பிளக்கில் 3000 வாட்டுக்குக் கிட்ட எடுக்கலாம். ஆனால் பழைய வளவுகளில் வெளிச்சுவரில் இருப்பது பெரும்பாலும் சிறிய வட்ட முள் 5 அம்பியர் பிளக். அதன் எல்லை 1150 வாட்தான். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது கேத்திலையும் போட்டால் வயர் சூடாகி, பிளக் உருகும். மாற்று முள் பூட்டி 13 அம்பியர் பொருளை அதில் செருகுவதால் சுவருக்குள் இருக்கிற மெல்லிய வயர் தடித்ததாகிவிடாது.

நீட்டிப்பு வயர் 20 மீற்றர் என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயராக இருக்க வேண்டும். உருளையில் சுற்றியது என்றால் முழுவதையும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றினபடியே சுமை ஏற்றினால் உள்சுற்றின் சூடு வெளியே போக வழியில்லாமல் உறை இளகி ஒட்டிக்கொள்ளும். கடற்காற்றில் பிளக்கின் பித்தளை முள்ளில் பச்சை படியும், படிந்த இடம் சூடேறும். செருகுவதற்கு முன் மெல்லிய மண்கடதாசியால் தேய்த்துத் துடையுங்கள்.

நாயோடு வருகிறவர்கள் புவித்தொடுப்பை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். புவி வயர் அறுந்த பிளக்கில் செருகி, வானுக்குள் ஏதாவது பொருளில் ஒழுக்கு இருந்தால், வானின் தகரம் முழுவதும் மின் ஏறும். செருப்புப் போட்ட மனிதருக்குச் சிறு சுணைப்புத்தான் தெரியும். கடலில் குளித்து நனைந்து, நான்கு காலும் ஈர மண்ணில் ஊன்றி, இரும்புச் சங்கிலியால் வானில் கட்டப்பட்ட நாய்க்கு அதுவே உயிரைக் கொண்டுபோகும். செருகிய உடனே டெஸ்டரை வானின் தகரத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேறு இடம் கேளுங்கள். வானுக்குள் 30 மில்லியம்பியர் டிரிப் சுவிட்ச் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறை செருகும்போதும் அழுத்துங்கள், விழாவிட்டால் அது பழுது.

கேள்வி: புறாமலைத் தீவுக்குப் படகில் போய்வர மூன்று மணித்தியாலம் ஆகும் என்கிறார்கள். அந்த நேரம் நாயை வானுக்குள் ஏசி போட்டு விட்டுப் போகலாமா? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதாதா?
– வாசகர், வத்தளை

பதில்: போகக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எங்களால் முடியாது.

வெளியே 33 பாகை இருக்கும்போது வெயிலில் நிற்கிற மூடிய வாகனத்துக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 44 ஆகும், அரை மணித்தியாலத்தில் 52. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் வராது. நாய் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை, இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளுகிறது. சுற்றிலும் உள்ள காற்று அதன் உடலைவிடச் சூடானால் இளைப்பதில் பலன் இல்லை.

ஏசி என்றால் எந்த மின்சாரத்தில்? 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியில் பாதிதான் பாவிக்கலாம், அது 600 வாட்-மணி. இன்வேட்டரில் போகிற இழப்பைக் கழித்தால் 500. ஆயிரம் வாட் ஏசி அதில் அரை மணித்தியாலம் ஓடும். லிதியம் பற்றரி என்றாலும் ஒரு மணித்தியாலம்தான். சுவர்ப் பிளக்கில் போட்டால் மின்வெட்டு வரலாம், டிரிப் விழலாம், வளவில் யாராவது தெரியாமல் பிடுங்கலாம். என்ஜினை ஓடவிட்டு ஏசி போடுவது இன்னும் மோசம். சூடேறி நின்றுவிட்டால் உள்ளே காற்றும் நின்றுவிடும். மணல் மேட்டுக்கு முதுகைக் காட்டி நிறுத்தியிருந்தால் புகைக்குழாயின் நச்சுவாயு திரும்பி வானுக்குள் வரும்.

புறாமலைக்கு நாயையும் ஏற்றிக்கொண்டு போக முடியாது. 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது, வளர்ப்பு மிருகங்களுக்கு அங்கே அனுமதி இல்லை. இரண்டு அணியாகப் பிரிந்து போங்கள். முதல் அணி விடியற்காலையில் போய்வந்தால் மற்ற அணி அதன் பிறகு போகலாம். நாயோடு நிற்பவர் பகல் பதினொன்று தொடக்கம் நான்கு வரை நிழலில், படங்குக்குக் கீழே, நனைத்த துவாயும் மின்விசிறியுமாக இருக்கட்டும். 12 வோல்ட் விசிறி 2 முதல் 3 அம்பியர்தான் எடுக்கும், உங்கள் பற்றரி பகல் முழுவதும் தாங்கும். உலர்ந்த உரோமத்தில் விசிறி அடித்துப் பெரிய பயன் இல்லை. வயிறு, அக்குள், பாதம் இவற்றை நனைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள்.

கேள்வி: நாய்க்கு வெப்பம் தலைக்கேறிவிட்டது என்று எப்படி அறிவது? ஐஸ் போடலாமா?
– வாசகி, வவுனியா

பதில்: நாயின் இயல்பான உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 40 ஐத் தாண்டினால் கவனம், 41 அவசரம். ஆசனவாயில் வைக்கிற வெப்பமானி ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள். அது இல்லாதபோது முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு செங்கட்டி நிறமாகும், எச்சில் கயிறுபோல இழுபடும், நிழலுக்கு வந்து பத்து நிமிடம் ஆகியும் இளைப்பு அடங்காது. அடுத்த கட்டம் தள்ளாட்டம், வாந்தி, வயிற்றோட்டம்.

வைத்தியரிடம் ஓடுவதற்கு முன்பே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்குத் தூக்கிப்போய், கையில் கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரை வாளி வாளியாக உடல் முழுவதும் ஊற்றி, விசிறுங்கள். ஈரத் துவாயைப் போர்த்தி அப்படியே விடக் கூடாது. இரண்டு நிமிடத்தில் துவாயே சூடாகி, உடற்சூட்டை உள்ளே பிடித்துவைக்கும். ஐஸ் கட்டியைத் தோலில் அழுத்திப் பிடிக்க வேண்டாம், ஐஸ் கலந்த தண்ணீருக்காகக் காத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், கிணற்றுத் தண்ணீரே போதும். நினைவிருந்தால் தானாக நக்கிக் குடிக்கட்டும், வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. 39.5 க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, ஈரத்தோடே வானில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எழுந்து நடந்தாலும் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகமும் ஈரலும் பாதிக்கப்பட்டது மறுநாள்தான் தெரியவரும்.

பக், புல்டோக் போன்ற மூக்குச் சப்பிய நாய்களையும், இருதய நோயுள்ள கிழட்டு நாய்களையும் கச்சான் காலத்தில் திருகோணமலைக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்றே சொல்வோம்.

கேள்வி: எங்கள் நாய்க்குக் கடல் என்றால் உயிர். கரையில் கிடக்கிற மீனையும் தின்னப் பார்க்கும். எதற்குப் பயப்பட வேண்டும்?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: முதலாவது பேத்தை. கரைவலை இழுத்து முடிந்ததும் விலைபோகாத மீன்களைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அதில் வயிறு ஊதிய பேத்தை மீன் கிடக்கும். அதன் ஈரல், சினை, குடல், தோல் எல்லாவற்றிலும் நஞ்சு. வெயிலில் காய்ந்தாலும் அந்த நஞ்சு போகாது, அவித்தாலும் போகாது. தின்ற பத்து நிமிடத்திலிருந்து சில மணித்தியாலத்துக்குள் எச்சில் வடிதல், வாந்தி, பின்னங்கால் துவளுதல், பிறகு மூச்சுத் தசைகள் நிற்றல் என்று போகும். மாற்று மருந்து கிடையாது. செயற்கைச் சுவாசம் கொடுத்து, நஞ்சு வெளியேறும்வரை தாங்கவைப்பதுதான் சிகிச்சை. தின்றதைக் கண்ணால் கண்டால், அறிகுறி வருமட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மிருக வைத்தியரை அழையுங்கள். கால் தள்ளாடத் தொடங்கிய நாயை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். உப்புத் தண்ணீர் பருக்குகிற பழக்கமும் கூடாது.

அதே குவியலில் கெளிறு கிடக்கும். அதன் முள் பின்னோக்கிய பல் கொண்டது, நாயின் உதட்டிலோ அண்ணத்திலோ ஏறினால் இழுக்க இழுக்கக் கிழியும், நஞ்சும் உண்டு. தூண்டில் நரம்பு, கொக்கி, வலையில் சிக்கி இறந்த கடற்பாம்பு இவையும் அங்கேதான். எனவே வலை இழுத்த இடத்தில் நாயைக் கயிற்றோடு மட்டும் நடத்துங்கள். "விடு" என்ற ஒரு கட்டளையை ஊரிலேயே, வறுத்த கோழித் துண்டை வைத்துப் பழக்கிவிட்டு வருவது எந்த மருந்தையும்விட உதவும்.

இரண்டாவது உப்புத் தண்ணீர். பந்தை வாயில் கவ்வி நீந்துகிற நாய் ஒவ்வொரு தடவையும் ஒரு மிடறு கடல்நீரை விழுங்குகிறது. கொஞ்சம் போனால் வயிற்றோட்டம். நிறையப் போனால் இரத்தத்தில் உப்பு ஏறி நடுக்கமும் வலிப்பும் வரும். கால் மணித்தியாலத்துக்கு ஒரு முறை கரைக்கு அழைத்து நல்ல தண்ணீர் கொடுங்கள், அடுத்த கால் மணித்தியாலம் ஓய்வு. பந்துக்குப் பதில் மிதக்கிற தட்டையான துணிப் பொம்மை நல்லது. வாய் அகலத் திறக்காது, ஈர மணலில் உருண்டு மணலையும் வாய்க்குள் கொண்டுபோகாது. மணல் குடலில் இறுகி அடைத்துக்கொள்வது இலேசான விடயம் அல்ல. சாப்பிடாமல், முக்கிக்கொண்டு, வயிறு தொட்டால் வலிக்கிற நாயை எக்ஸ்ரே படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நேரம் விடியலிலிருந்து எட்டரை வரையும், மாலை ஐந்துக்குப் பிறகும். மற்ற வேளையில் புறங்கையை மணலில் ஏழு விநாடி வையுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. மணல்மேட்டில் வளர்கிற இராவணன் மீசையின் கூரிய நுனி விரலிடுக்கிலும் கண்ணிலும் ஏறும், அந்தப் பற்றைகளுக்குள் ஓடவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை தொடங்கினால் வாடைக்காற்றோடு கடல் கொந்தளிக்கும், தை கழியும்வரை நாயைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம்.

குளித்து முடிந்ததும் நல்ல தண்ணீரில் ஐந்து லீற்றராவது ஊற்றிக் கழுவி, காதுக்குள் உலர்த்துங்கள். தொங்கு காது நாய்களுக்கு ஈரம் நின்றால் இரண்டு, மூன்று நாளில் காது நாறும்.

கேள்வி: கோணேசர் கோயிலுக்கும் கன்னியாவுக்கும் நாயைக் கொண்டுபோகலாமா?
– வாசகி, கொழும்பு

பதில்: வேண்டாம். கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் போகிறது. அங்கே இராணுவம் இருக்கிறது, புள்ளிமான்களும் சுதந்திரமாகத் திரிகின்றன. வாகனத்துக்குள் இருந்தபடி நாய் குரைத்தாலே மான் மிரண்டு வீதிக்குக் குறுக்கே பாயும். நகரத்துக் கடற்கரையிலும் மான் நிற்கும், அங்கே கயிற்றை அவிழ்க்கவே கூடாது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சனங்கள் வாளியால் அள்ளி நீராடுகிறார்கள், பலர் பிதிர்க்கடன் செய்ய வருகிறார்கள். அங்கும் ஆள் மாறிப் போய்வாருங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு வருகிறவர்கள் நாயைக் கடற்கரையில் மலம் கழிக்கவிட்டு, காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் விளையாடுகிற மண் இது. இதைப் பற்றி எழுதுவீர்களா?
– வாசகர், உப்புவெளி

பதில்: நீங்கள் கோபப்படுவது முழுக்க நியாயம். மூடுவதால் ஆபத்துக் கூடுகிறது. நாய் மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டை இருந்தால், நிழலும் ஈரமும் சூடும் உள்ள மணல் அது பொரிக்க ஏற்ற இடம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குடம்பி தோலைத் துளைக்கிற பருவத்துக்கு வரும். வெறுங்காலோடு நடக்கிற, மணலில் புரளுகிற பிள்ளையின் தோலுக்குள் அது நுழைந்து, சிவந்த கோடு கோடாக ஊர்ந்து, இரவில் நித்திரை கொள்ளவிடாமல் அரிக்கும். நாய் திரும்பிப்போன பிறகும் வாரக்கணக்கில் அந்த மணலில் அது உயிரோடிருக்கும்.

நாய் கொண்டுவருகிறவர்களுக்கு: புறப்படுவதற்கு ஒரு வாரத்துக்கு முன் குடற்பூச்சி மருந்து கொடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை தொடருங்கள். காலையில் கடற்கரைக்கு இறங்குவதற்கு முன்பே வளவின் ஓரத்தில், கயிற்றில் பிடித்துப் பத்து நிமிடம் நடத்தினால் பெரும்பாலான நாய்கள் அங்கேயே முடித்துவிடும். கையைப் பைக்குள் விட்டு, சுற்றியுள்ள மணலையும் சேர்த்து அள்ளிக் கட்டி, விடுதிக்காரர் காட்டுகிற குப்பைத்தொட்டியில் போடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று பை, மூன்று நாளுக்கு, உதிரியும் சேர்த்து, பன்னிரண்டு எடுத்தால் போதும். வானில் உள்ள இரசாயனக் கழிவறைப் பெட்டியையும் மணலில் கிண்டி ஊற்றக் கூடாது. விடுதிக்காரரின் அனுமதியோடு மலக்குழிக் கழிவறையில் ஊற்றுங்கள். நீல நிற மருந்தை அளவுக்கு மேல் போட்டிருந்தால் குழியில் உள்ள நல்ல பக்டீரியா சாகும், குழி நாறத் தொடங்கும்.

கேள்வி: கட்டாக்காலி நாய்கள், உண்ணி: இரண்டுக்கும் என்ன முன்னேற்பாடு?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை போட்டிருக்க வேண்டும். முதன்முறை போடுவதென்றால் பயணத்துக்கு நான்கு வாரத்துக்கு முன் போடுங்கள், எதிர்ப்புச் சக்தி உண்டாக அவ்வளவு நாள் எடுக்கும். பார்வோ, டிஸ்டெம்பர், எலிக்காய்ச்சல் சேர்ந்த ஊசியும் முடிந்திருக்க வேண்டும். முடிக்காத குட்டியைக் கடற்கரையில் இறக்காதீர்கள். தடுப்பூசி அட்டை வானில் இருக்கட்டும்.

கடற்கரை நாய்கள் பகலில் சோம்பிக் கிடக்கும், இரவில் தங்கள் எல்லையைக் காக்கும். இருட்டிய பிறகு கரையில் நடக்க வேண்டாம். எதிரே வந்தால் கயிற்றை இழுத்து இறுக்காமல் திரும்பி வளைந்து நடவுங்கள். இறுகின கயிறு உங்கள் நாயைச் சண்டைக்கு நிமிரவைக்கும். சமைத்த மிச்சத்தை வானுக்கு வெளியே வைத்தால் அன்றிரவு சண்டை நிச்சயம். கடி மனிதருக்குப் பட்டால், கீறலே ஆனாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் திருகோணமலை பொது வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம்.

உண்ணிக்கு வாயால் கொடுக்கிற மாத்திரை கடலில் குளிக்கிற நாய்க்கு ஏற்றது. புறப்பட இரண்டு நாளுக்கு முன் கொடுத்துவிடுங்கள். முதுகில் விடுகிற சொட்டு மருந்து என்றால் அதற்கு முன்னும் பின்னும் 48 மணித்தியாலம் குளிப்பாட்டக் கூடாது. வலிப்பு நோய் உள்ள நாய்க்கு மாத்திரையை வைத்தியரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். இரவில் காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழ், வாலின் அடி இவற்றைத் தடவிப் பாருங்கள். உண்ணியைத் தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து நேரே இழுங்கள். நெருப்போ மண்ணெண்ணெயோ வைத்தால் அது உள்ளே கக்கிவிடும். வீடு திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, முரசு வெளிறுதல், மூக்கால் இரத்தம், சிறுநீர் கறுத்தல் எது வந்தாலும் இரத்தம் சோதியுங்கள், திருகோணமலைக்குப் போய்வந்ததையும் சொல்லுங்கள்.

கேள்வி: இரவில் நாயை எங்கே கட்டுவது? வானின் சில்லில் கட்டலாமா?
– வாசகர், மன்னார்

பதில்: சில்லில் கட்ட வேண்டாம். காலையில் யாராவது வானை எடுத்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் எழுதத் தேவையில்லை. மணலில் திருகி இறக்குகிற இரும்பு முளை 20 கிலோ நாய்க்கு ஈடுகொடாது. இரண்டு மரங்களுக்கு இடையில், ஆளின் இடுப்பு உயரத்தில், எட்டு மீற்றர் நீளத்துக்கு 10 மில்லிமீற்றர் கயிறு ஒன்றை இறுக்கிக் கட்டுங்கள். அதில் ஓடுகிற வளையத்திலிருந்து இரண்டு மீற்றர் கயிறு நாயின் மார்புப் பட்டிக்கு. கழுத்துப் பட்டியில் கொழுவினால் பாய்கிற வேகத்தில் குரல்வளை நசுங்கும். வளையம் மரத்தடிக்குப் போய்ச் சுற்றிக்கொள்ளாதபடி இரு முனையிலும் ஒரு மீற்றர் விட்டு முடிச்சுப் போடுங்கள். இது பகலுக்கும், ஆள் பக்கத்தில் இருக்கும்போதும் மட்டும். இரவில் நாய் வானுக்குள் வரவேண்டும். புடையன் பாம்பு மாலை மயங்கியதும்தான் வெளியே வரும், நாய் மூக்கை நீட்டித்தான் அதை விசாரிக்கும்.

உள்ளே படுக்கும்போது காஸ் சிலிண்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, ஒழுகினால் தரையில் தேங்கும். நாயின் படுக்கை இருப்பதும் தரையில்தான். கட்டிலில் படுத்திருக்கிற உங்களுக்கு மணக்கு முன்பே நாய் மயங்கிவிடும். சிலிண்டர் வால்வை ஒவ்வொரு சமையல் முடிந்ததும் மூடுங்கள், மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள், காஸ் எச்சரிக்கைக் கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பூட்டுங்கள், வானின் தரையில் காற்றுத் துளை இருக்கட்டும். நுளம்புத்திரியையும் மூடிய வானுக்குள் கொளுத்த வேண்டாம், வலை போடுங்கள். நைலோன் வலையை நாய் ஒரே இரவில் கீறிக் கிழிக்கும். கீழ்ப் பாதிக்காவது துருப்பிடிக்காத கம்பி வலை அடிப்பது நல்லது.

கேள்வி: ஹபரணை வழியாகப் பின்னேரம் வந்தால் யானை நிற்கும் என்கிறார்கள். நாய் அடிக்கடி இறங்கக் கேட்கும். என்ன செய்ய?
– வாசகர், கண்டி

பதில்: ஹபரணை–கந்தளாய்ப் பகுதியில் நாயை இறக்கவே இறக்காதீர்கள். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வருகிறவர்களுக்கும் இதுவே விதி. யானையைக் கண்ட நாய் குரைக்கும், துரத்துகிற யானைக்கு முன்னால் உங்களிடம்தான் ஓடிவரும். ஹபரணை நகரில் ஒரு முறை, கந்தளாய் நகரில் ஒரு முறை, கடைகள் உள்ள இடத்தில் கயிற்றோடு இறக்குங்கள். பிற்பகல் நான்குக்கு முன் காட்டுப் பகுதியைக் கடந்துவிடுகிற மாதிரிப் புறப்படுங்கள். பயணத்துக்கு மூன்று மணித்தியாலத்துக்கு முன், வழமையில் மூன்றில் ஒரு பங்கு சாப்பாடு கொடுத்தால் போதும். வாந்தி எடுக்கிற நாய்க்கு மிருக வைத்தியர் எடையைப் பார்த்துத் தருகிற மாத்திரை உண்டு. மனிதர் போடுகிற மாத்திரை கூடாது. முக்கியமாக, வலி என்று பனடோலோ இபுபுரூபனோ கொடுத்துவிடாதீர்கள். முதலாவது ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும், இரண்டாவது குடலைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும்.

கேள்வி: வளவுக்குள் போகும்போதே மணலில் ரயர் புதைந்தால்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: சில்லு ஒரு முறை சுழன்று நகராவிட்டால் உடனே அக்சிலேட்டரை விடுங்கள். மேலும் சுழற்றினால் அச்சு மணலில் உட்காரும். நாயையும் பிள்ளைகளையும் இறக்கித் தூரத்தில், சில்லுக்குப் பின்னால் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். சில்லின் முன்னும் பின்னும் மணலைக் கையால் வாரி, ஓடுகிற சில்லுகளின் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கி, அடியில் பலகையோ தென்னை மட்டையோ நெருக்கிச் செருகி, உள்ளே வந்த தடத்திலேயே பின்னுக்கு மெதுவாக எடுங்கள். பின்னுக்கு எடுக்கும்போது பலகை முன்னால் பறக்கும், அந்தத் திசையில் ஆள் நிற்கக் கூடாது. தார் வீதிக்கு ஏறியதும் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்புங்கள். காற்றுக் குறைந்த ரயரோடு கந்தளாய்வரை ஓடினால் பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும். 12 வோல்ட் காற்றுப் பம்பு ஒன்று வானில் கிடக்கட்டும். வீட்டுக்குப் போனதும் வானின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்பு மணல் ஒட்டின இடத்தில் கறள் ஒரு மாதத்திலேயே தொடங்கும்.